வேகத்தைப் போற்றிய கலைஞர்

1909ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி பாரிஸ் நகரின் 'லெ பிகாரோ' பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஓர் அறிக்கை வெளிவந்தது. எழுதியவர் இத்தாலியக் கவிஞர் மரினெற்றி. பழைய கிரேக்கச் சிலையினும் பாய்ந்தோடும் மோட்டார் வண்டியே அழகுடையது என்றார் அவர். அம்மட்டோடு நில்லாது, கால்வாய்களைத் திருப்பி நூதனசாலைகளை நீரில் மூழ்கடிக்குமாறும் அறைகூவினார். எதிர்காலவாதம் என்னும் கலை இயக்கம் இவ்வாறு பிறந்தது.

அவ்வியக்கத்தார் அசைவையே வரைய முயன்றனர். 1912இல் பல்லா, நடைபோடும் நாயொன்றுக்குப் பல கால்களைத் தீட்டினார். 1913இல் பொச்சியோனி, காற்றை ஊடறுத்துச் செல்லும் மனிதவுருவைச் சிற்பமாக்கினார். கலைக்கு இது புதுக்கண் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழமையை வெறுத்த அவர்கள் போரையும் புகழ்ந்தனர். படையிற் சேர்ந்த பொச்சியோனி 1916இல் மாண்டார். இயந்திரத்தைப் போற்றிய அவரது உயிரைப் பறித்தது, குதிரையிலிருந்து வீழ்ந்த வீழ்ச்சியே.

அறிக்கையில் வெறுஞ்சொல்லாயிருந்த வெள்ளம், கண்டிக்குக் கிழக்கேயுள்ள தெல்தெனியவுக்கு மெய்யாகவே வந்தது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுந்த விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. 210 மெகாவாற்று மின்வலு நாட்டுக்குக் கிடைத்தது. பழைய தெல்தெனிய நகரோ நீருள் அமிழ்ந்தது. மேட்டு நிலத்திற் புதுநகர் அமைந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு. அவற்றைக் காண மக்கள் திரள்கின்றனர். மின்வலு வேண்டாமென்பார் அவர்களுள் அரியர்; மூழ்கியதை மறந்தாரும் அரியரே.

பழையதை மூழ்கடியாமற் புதியதைப் பெறுதல் ஆகாதா? அணைகட்டுவோர்க்கு அது எப்போதும் இயல்வதன்று. கலைஞர்க்கு இயலும் என்பதற்குக் கண்டியே சான்று. 1901இல் அந்நகரிற் பிறந்த ஜோர்ஜ் கீற், பிக்காசோ முதலியோரின் புதுமுறைகளை விரும்பிக் கற்றார். ஆனால் 1939இலும் 1940இலும் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் அவர் அம்முறைகளைக்கொண்டு தீட்டியது புத்தர்பிரானின் வரலாற்றையே. 1943இல் லயனல் வென்ற் முதலியோருடன் அவர் கூடியமைத்த '43 குழு', இலங்கையின் நவீன ஓவியத்துக்கு வழிவகுத்தது.

நூதனசாலைகளை அழிக்கச் சொன்ன எதிர்காலவாதிகளின் ஓவியங்கள் இன்று நூதனசாலைகளிலேயே பேணப்படுகின்றன. அவர்கள் வெறுத்த பழமையே அவர்களுக்கும் புகலளித்தது, நேயர்களே!