தார்த்தாள் கொட்டகையும் உடற்பயிற்சிக் கூடமும்: பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியின் உயர்நிலைப் பள்ளிகள், 1939–1986

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புகையிலை விளையும் தென்பகுதியில் இருக்கிறது பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). அதன் தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். 1951-இல் கவுண்டியில் வெள்ளையருக்கு ஃபார்ம்வில், வோர்ஷம் என இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. கறுப்பினத்தவருக்கு ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் பள்ளி ஒன்றுதான். மாணவர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் என்று பலரும் இப்பள்ளிகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எதை வைத்து அளப்பது என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. கவுண்டியின் பள்ளி வரலாறே அந்தப் பிணக்கின் வரலாறுதான்.

1939-இல் கட்டப்பட்ட மோட்டன் பள்ளியில் 180 பேர் படிக்கலாம். 1951 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இட நெருக்கடிக்குக் கவுண்டி கண்ட தீர்வு, மரச்சட்டத்தின் மேல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள். உள்ளே ஓர் அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வியர்க்கும், தள்ளி உட்கார்ந்தவர் மேல்கோட்டைக் கழற்ற முடியாது. மழை வந்தால் கூரை ஒழுகும். வகுப்பிலேயே குடை விரிப்பார்கள். கோழிக்கூண்டு என்று ஊரார் கேலி பேசும் அளவுக்கு இருந்தது அவற்றின் தோற்றம். பள்ளிப் பேருந்துகளும் வெள்ளையர் பள்ளிகள் ஓட்டிக் கழித்தவைதான்.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி இதற்கொரு முடிவு கட்டத் துணிந்தார். பேருந்து நிலையத்தில் மாணவர்கள் வம்பில் மாட்டிக்கொண்டதாக அவரும் உடன் மாணவர்களும் தொலைபேசியில் பொய் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பினார்கள். அவர் பெயரில் போலிக் குறிப்பு எழுதி எல்லா வகுப்புகளையும் அரங்கில் கூட்டினார்கள். மேடையில் இருந்தது பார்பரா. ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, வகுப்புகளைப் புறக்கணிக்க அழைத்தார். போராட்டம் இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. உதவிக்கு வந்த, கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால்தான் வழக்கு. பெற்றோர் சம்மதித்தார்கள். மே மாதம் 117 மாணவர்கள் சார்பில் வழக்குத் தாக்கலானது.

மூன்று நீதிபதிகள் அமர்ந்த கூட்டாட்சி நீதிமன்றம் 1952-இல் தந்த தீர்ப்பு, இரு தரப்புப் பள்ளிகளையும் அறை அறையாக ஒப்பிட்டது. மோட்டனில் உடற்பயிற்சிக் கூடம் இல்லை, குளியலறை இல்லை, உணவுக்கூடம் இல்லை, நோயுற்றவரைப் படுக்கவைக்க அறை இல்லை. பாடங்களின் பட்டியல் இன்னும் உறுத்துகிறது. இயற்பியல், உலக வரலாறு, லத்தீன், உயர்நிலைத் தட்டச்சு, வரைகலை, மரவேலை, உலோகவேலை ஆகியவை வெள்ளையர் பள்ளிகளில் உண்டு, மோட்டனில் கிடையாது. கூடம் கட்டக் காசில்லை என்று சாக்குச் சொல்லலாம். உலக வரலாறு நடத்த என்ன பெரிய செலவு?

இத்தனையும் கண்ட அதே நீதிமன்றம், பிரிவினை இரு இனத்துக்கும் கேடு செய்யவில்லை என்று கருதியது. வசதிகளைச் சமமாக்கு, பிரிவினை இருக்கட்டும் என்பதே ஆணை. 1953-இல் புதிய மோட்டன் பள்ளி திறக்கப்பட்டது. அதில் உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் வந்துவிட்டன. செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அளவுகோல் என்றால் சச்சரவு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கான்சாஸ், தென் கரோலினா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் வழக்குகளோடு சேர்ந்து இவ்வழக்கும் உச்ச நீதிமன்றம் போனது. ஐந்தில் மாணவர் போராட்டத்தில் பிறந்தது இது ஒன்றே. 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது.

யாரும் எதிர்பாராத வழியில் கவுண்டி பதில் சொன்னது. 1959-இல், இனி சேர்ந்து படிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்ததும், கவுண்டியை நிர்வகித்த மேற்பார்வையாளர் குழு அரசுப் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்க மறுத்தது. எல்லாப் பள்ளிகளும் மூடப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற தனியார் பள்ளி முளைத்தது. அதன் முதல் வகுப்புகள் தேவாலயங்களிலும் கிடைத்த கூடங்களிலும் நடந்தன. கட்டடத்தை அளவுகோலாகக் கொண்டால், பூட்டிக் கிடந்த மோட்டன் அதைவிட மேல். மோட்டன் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் கெஞ்சிய நல்ல கட்டடத்தை விட்டுவிட்டு மோசமான இடங்களை வெள்ளையர் மனமுவந்து ஏற்றார்கள் என்றால், அவர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்பது விளங்கும். தொடக்கத்தில் மாநிலக் கல்வி மானியமும் கவுண்டியின் வரிச் சலுகையும் அகாடமிக்குக் கைகொடுத்தன. 1961-இல் நீதிமன்றம் அவற்றைத் தடுத்தது.

கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலரைக் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் அமைப்பினர் வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். பலர் பள்ளியையே பார்க்கவில்லை. 1963 செப்டம்பரில் கென்னடி அரசின் முயற்சியாலும் நன்கொடைகளாலும் இலவசப் பள்ளிகள் திறந்தபோது, நான்காண்டு இடைவெளியோடு வந்த பிள்ளைகளை வயதை வைத்து வகுப்புப் பிரிக்க வழியில்லாமல், திறனைப் பார்த்தே பிரித்தார்கள்.

1964 மே மாதம் பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த ஆண்டே அரசுப் பள்ளிகள் திறந்தன. ஆனால் வெள்ளையர் பெரும்பாலோர் அகாடமியை விட்டு வரவில்லை. பிரிவினைச் சட்டம் ஒழிந்த பிறகும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் நின்றன. ஒன்றில் வரிப்பணம், மற்றதில் கட்டணம். 1978-இல் அகாடமி தன் வரிவிலக்கை இழந்தது. கறுப்பின மாணவர்களைச் சேர்க்க அது முன்வந்தது 1986-இல்தான்.