தூக்கிவிட்டவரும் இரவல் கொடுத்தவரும்

1975 ஜூலையில் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் விண்வெளியில் இணைந்து, இரு நாட்டு வீரர்களும் கைகுலுக்கினார்கள். பூமியில் போட்டி ஓயவில்லை. அந்த ஆண்டு கர்நாடகத்தில் மட்டும் இரண்டு வல்லரசுகளின் கைவரிசையையும் அருகருகே பார்க்க முடிந்தது.

இந்தியச் செயற்கைக்கோளை ஏவ சோவியத்துடன் 1972 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பெங்களூர் மைசூர் மாநிலத்தில் இருந்தது. வேலை முடிவதற்குள் மாநிலத்தின் பெயரே கர்நாடகம் என்று மாறிவிட்டது. பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகைகளில் விஞ்ஞானி யு.ஆர். ராவின் குழு 360 கிலோ ஆர்யபட்டா செயற்கைக்கோளைப் பூட்டியது. ராவ் அமெரிக்காவில் மாரினர்-2 விண்கலம் அனுப்பிய தரவுகளை ஆராய்ந்தவர் என்பது வேடிக்கை. ராக்கெட் மட்டுமல்ல, சூரிய மின்கலங்களும் பேட்டரிகளும்கூட சோவியத் கொடுத்தவைதான். தரவு வாங்க இடம் போதாமல் ஒரு கழிப்பறையை நிலையமாக மாற்றினார்கள். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத்தின் கபுஸ்தின் யாரிலிருந்து கிளம்பிய கோளில் சில நாட்களிலேயே மின்வழங்கல் பழுதாகி ஆய்வுகள் நின்றன. ஆனாலும் அதன் படம் இரண்டு ரூபாய் நோட்டில் ஏறியது.

அமெரிக்கா கொடுத்ததோ முழுக்கோள், ஆனால் இரவல். ஏ.டி.எஸ்-6 என்ற அந்தக் கோளை நாசா இந்தியாவுக்குத் தெரியும்படி நகர்த்தி வைத்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி. தமிழ்நாடு அதில் இல்லை, கர்நாடகம் இருந்தது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் செய்த மூன்று மீட்டர் குடை ஆன்டெனா, பொது இடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. குடையும் பெட்டியும் நிகழ்ச்சிகளும் நம்முடையவை. 1976 ஜூலை 31 அன்று ஒளிபரப்பு முடிந்தது, கோள் திரும்பிப் போனது.

இரண்டுமே தானமல்ல. ஒன்பது மீட்டர் ஆன்டெனாவிலிருந்து சின்னக் குடைகளுக்கு நேராக ஒளிபரப்பிப் பார்க்க நாசாவுக்கும் ஒரு பெரிய நாடு வேண்டியிருந்தது. கிராமத்தான் கண்ணுக்கு அமெரிக்க இரவல்தான் பெரிது. ஆர்யபட்டாவை அவன் நோட்டில் மட்டும் பார்த்தான். ஆனாலும் என் ஓட்டு பீனியாவுக்கே. பின்னால் வந்த கோள்களைப் பாருங்கள்: 1982-இல் போன இன்சாட்-1ஏ அமெரிக்காவில் கட்டப்பட்டு, அங்கேயே ஏவப்பட்டு, சில மாதங்களில் செத்தது. 1988-இல் பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் போன ஐ.ஆர்.எஸ்-1ஏ கோளோ பெங்களூரில் கட்டப்பட்டது.