சிங்கவரத்தில் திரும்பிய முகம்

செஞ்சிக்கு வடக்கே சிறிது தூரத்தில் சிங்கவரம் குன்று. நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் பல்லவர் காலக் குடைவரை. உள்ளே ஒரே பாறையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். இருபது அடிக்கு மேல் நீளம். ஓரிடத்தில் நின்று முழுவதையும் பார்க்க இயலாது. தூண்களுக்கிடையே நகர்ந்து திருமுகம், மார்பு, திருவடி என்று தனித்தனியே சேவிக்க வேண்டும். தீபம் முகத்தருகே உயரும்போது கழுத்து ஒருபக்கமாகத் திரும்பியிருப்பது தெரியும். போருக்கு விடை கேட்க வந்த தேசிங்குக்கு, "போகாதே" என்று பெருமாள் முகம் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்வழக்கு. சிற்பி செதுக்கியது தேசிங்குக்குப் பல நூற்றாண்டு முன்பு என்பதை அறிந்தவர்களும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நாம் ராஜா என்கிறோமே, அந்த தேசிங்கின் குடும்பம் அரச குடும்பமன்று. தந்தை சொரூப்சிங், செஞ்சிக்கு அவுரங்கசீப் அமர்த்திய புந்தேல ராஜபுத்திர கில்லேதார், அதாவது கோட்டையைக் காக்கும் படை அதிகாரி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அதைக் கைப்பற்ற முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கோட்டையைக் கையில் வைத்திருப்பவன் கப்பம் கட்டாமல் இழுத்தடித்தால் ஆற்காடு நவாபுக்குத் தூக்கம் வருமா?

1714இல் சொரூப்சிங் இறந்தார். நிலுவையைக் கட்டு என்றார் நவாப் சாதத்துல்லாகான். தேசிங்கு அவுரங்கசீப்பின் ஆணையைக் காட்டினான். அவர் இறந்து ஏழு ஆண்டாகிவிட்டது, இப்போது பருக்சியர் பாதுஷா, புதிய ஆணை எங்கே என்றார்கள். என் கணிப்பில் செஞ்சிப் போர் வீரத்தில் தொடங்கவில்லை. காலாவதியான ஒரு காகிதத்தில்தான் தொடங்கியது. கதைப்பாட்டுக்கு அது பிடிக்காது. அது நீலவேணிக் குதிரையையும், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்த தோழன் முகமது கானையும் பற்றிக்கொண்டது. இந்து அதிகாரிக்கு முஸ்லிம் தோழன் உயிர் கொடுத்ததைத் தெருக்கூத்து மேடைகள் விடிய விடியச் சொல்லி வந்திருக்கின்றன.

1714 அக்டோபர் 3. சில நூறு பேருடன் தேசிங்கு கோட்டையைவிட்டு வெளியே இறங்கினான். மலைமேல் மதிலும் சுனையும் களஞ்சியமும் இருந்தன, மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கலாம். வயது இருபத்திரண்டு! களத்தில் அவன் வீழ்ந்தான், மனைவி தீப்புகுந்தாள். அவள் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர் ராணிப்பேட்டை.

பிறகு 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தான். 1761இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித். வென்றவர்கள் இவர்கள். சிங்கவரம் படிகளில் இவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டதேயில்லை. தோற்ற பையனின் பெயரைத்தான், கற்பூரத் தட்டு நம்மிடம் வருமுன்பே, பின்னால் நிற்கும் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியிருப்பார்.