சட்டமும் தாய்மையும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் முதியோர். முற்காலத்துத் தாய் ஒவ்வொரு பேற்றிலும் தன் உயிரையே பணயம் வைத்தாள் என்பதை அவ்வாக்கு உணர்த்துகின்றது. அந்நிலையை மாற்ற மருத்துவம் அரும்பாடுபட்டது. சட்டமும் அதற்கு ஈடாக நடந்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவங் கற்பித்தார். அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்த மேலைநாட்டு மருத்துவ நூல்களுள் பிரசவ வைத்திய நூலும் ஒன்று. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லவுட் ஆஸ்பத்திரி எழுந்தது. பின்னர், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் கிராமந்தோறும் வீடு தேடிச் சென்றனர். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் குறைவு. உலகம் வியக்கும் வெற்றி இது.

சட்டத்தின் வரலாறோ வேறு. 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருவைக் கலைத்தல் குற்றம் என விதித்தது. மூன்றாண்டு வரை மறியல். கருவில் உயிர்ப்பசைவு தோன்றியபின் எனின் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் குற்றவாளியே.

இவ்விதியை இயற்றிய சட்டநிரூபண சபையில் ஒரு பெண்ணேனும் இருந்ததில்லை. பெண்கள் எவருக்கும் வாக்குரிமையும் இருந்ததில்லை. அக்காலத்தில் அங்கே தமிழர் பிரதிநிதியாய் விளங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்குக் கல்லூரி நிறுவிய அப்பெரியாரே, டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். எனினும் 1931இல் அவ்வுரிமை கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தமையால், குடாநாட்டுப் பெண்கள் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலேயே அதனை முதன்முறை பயன்படுத்தினர்.

வாக்குரிமைக்குப் போராடியோருள் டாக்டர் மேரி ரத்னம் ஒருவர். கனடாவிற் பிறந்து, மிஷன் வைத்தியராய் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த அவ்வம்மையார், 1937இல் கொழும்பிற் குடும்பத்திட்ட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1953இல் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசாங்கமே அப்பணியை ஏற்றது. ஆயின் 1883ஆம் ஆண்டு விதி மட்டும் அசையவில்லை.

அவ்விதிக்கு முன்மாதிரியான சட்டங்களை வழங்கிய நாடுகளோ மாறிவிட்டன. இங்கிலாந்து 1967இலும், இந்தியா 1971இலும் திருத்தம் செய்தன. அண்மையிலுள்ள நேபாளம் 2002இல் வழி திறந்தது. இலங்கையில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, வல்லுறவு பற்றிய விதிகள் கடுமையாயின. நெருங்கிய உறவினர் இழைக்கும் பாலியற் கொடுமையும் குற்றமாயிற்று. ஆயினும் அக்கொடுமைகளால் உண்டாகும் கருவைக் கலைக்க அனுமதிக்கும் பிரிவு கைவிடப்பட்டது. 2017இல் வல்லுறவு, கருவின் கொடிய குறைபாடு ஆகிய இரண்டுக்கும் விலக்களிக்க அமைச்சரவை இசைந்தும், சமயத் தலைவர் சிலரின் எதிர்ப்பால் அது சட்டமாகவில்லை.

இதன் பொருள் யாது? ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்டது கொடுங்குற்றம் என்று ஒப்பும் அதே சட்டம், அதன் விளைவை மட்டும் அவளே சுமக்கவேண்டும் என்கின்றது. தடையால் கருக்கலைப்பு ஒழிந்ததுமில்லை, மறைவிடங்களுக்குச் சென்றது. பொருளுடையவள் வழி காண்கின்றாள். வறியவள் தகுதியற்றோர் கையில் உயிரை ஒப்படைக்கின்றாள்.

இவ்வுரிமைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2013இல் கிளிநொச்சிக் கிராமங்கள் சிலவற்றில், தெளிவான இசைவு பெறாமலே பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்ற முறைப்பாடு எழுந்தது. வேண்டாத கருவைச் சுமக்கக் கட்டாயப்படுத்தலும், வேண்டும் கருவைத் தடுத்தலும் ஒரே தவறின் இரு வடிவங்கள். இரண்டிலும் கேட்கப்படாதது அப்பெண்ணின் சொல்லே.

கருவையும் உயிரெனப் போற்றுவோரின் நம்பிக்கை மதிக்கத்தக்கது. திருத்தம் அவர்களுள் எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாது. அது நீக்குவது, துயருற்றவளின் தலைமேல் தொங்கும் சிறைத்தண்டனையை மட்டுமே.

கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தொடங்கிய பணியை மருத்துவர்களும் மருத்துவிச்சிகளும் தம் அளவில் நிறைவேற்றினர். எஞ்சியிருப்பது பாராளுமன்றத்தின் கடமை. இருமுறை தொடங்கி இருமுறையும் நிறுத்திய திருத்தத்தை நிறைவேற்றுக; பெண்ணின் இசைவின்றி அவள் உடலில் எவரும் கைவைத்தலாகாது என்பதையும் அதனுடன் சட்டமாக்குக. வாக்களிக்கும் மகளிரும், வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்போரிடம் இதனை வினவுதல் வேண்டும்.