நான்கு வாட் சட்டமும் ஜீப்பின் கம்பியும்: குடிமக்கள் வானொலி வரலாற்றில் ஆண்டெனாவின் இடம்

அமெரிக்கக் குடிமக்கள் வானொலியின், அதாவது சி.பி. ரேடியோவின், வரலாறு பெரும்பாலும் லாரி ஓட்டுநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடை, 1974 ஜனவரியில் சட்டமான மணிக்கு 55 மைல் வேக வரம்பு, நெடுஞ்சாலை மறியல்கள், 1976இன் தொடக்கத்தில் நாடெங்கும் ஒலித்த 'கான்வாய்' பாடல், அதிபர் ஃபோர்டின் துணைவியார் 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயரில் வானலையில் பேசியது என்று அந்தக் கதை போகும். அதில் பேச்சுக்கு இடமுண்டு, பேசியவர்களுக்கும் இடமுண்டு. வண்டியின் மேல் நின்ற கம்பிக்கு மட்டும் இடமில்லை.

இந்த விடுபடல் சிறியதன்று. சி.பி. கருவியின் ஆற்றலைச் சட்டம் கட்டிவைத்திருந்தது. தொடக்க விதிகள் உள்ளீட்டைக் கணக்கிட்டு ஐந்து வாட் என்றன. பின்னர் வெளியீட்டுக் கணக்கில் அது நான்கு வாட் ஆயிற்று. அலைவரிசைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. அனுப்பியின் உட்பகுதியைத் திறந்து திருத்தும் உரிமை, உரிமம் பெற்ற தொழில்நுட்பருக்கே இருந்தது. ஆகவே சாதாரணப் பயனாளி தன் கையால் தொட்டு மாற்றக்கூடியதாக எஞ்சியது ஆண்டெனா ஒன்றே. சட்டத்தை மீறி ஆற்றல் பெருக்கிகளைப் பொருத்தியவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆயினும் விதிக்குள் நின்ற பெருந்தொகையினரின் தொழில்நுட்ப அறிவு முழுவதும் அந்தக் கம்பியிலும் அதன் அடியிலும்தான் திரண்டது. நெடுஞ்சாலையைவிடக் காட்டுப்பாதையில் ஓடிய ஜீப்புகளில் இது தெளிவாகப் புலப்படுகிறது.

சி.பி. முதலில் 27 மெகா ஹெர்ட்ஸில் பிறக்கவில்லை. 1945இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் குடிமக்கள் சேவைக்கென ஒதுக்கியது 460 முதல் 470 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை. வாக்கி-டாக்கியின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல் கிராஸ், அந்தப் பட்டைக்கான கருவிக்கு 1948இல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றார். ஆனால் அன்றைய வால்வுகளைக் கொண்டு அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மலிவான கருவி செய்வது எளிதாக இருக்கவில்லை, சேவை பரவவில்லை. 1958 செப்டம்பரில் ஆணையம், அமெச்சூர் வானொலியாளர்களிடமிருந்த பதினொரு மீட்டர் பட்டையை எடுத்து, 23 அலைவரிசைகளாகப் பிரித்துக் குடிமக்களுக்கு அளித்தது. கருவியின் விலை இறங்கியது. அதற்கு ஈடாக அலையின் நீளம் ஏறியது. அந்த ஏற்றத்தின் சுமை ஆண்டெனாவின் மீது விழுந்தது.

27 மெகா ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். வாகனத்தின் மேல் நிற்கும் கம்பி முறையாக இயங்க அதில் கால் பங்கு, அதாவது சுமார் 2.7 மீட்டர் வேண்டும். 102 அங்குல எஃகுக் கம்பியும் அதன் அடியில் ஆறங்குலச் சுருள்வில்லும் என்ற புகழ்பெற்ற அளவு இங்கிருந்து வந்ததே. ஆனால் கால் அலைக் கம்பி தன்னளவில் பாதி ஆண்டெனா மட்டுமே. மற்றப் பாதியாக நிற்பது அதன் கீழே விரிந்திருக்கும் உலோகம்: பாடி, பானெட், சேஸிஸ். பொறியியலார் இதைத் தரைத்தளம் என்பர். வண்டியையே ஆண்டெனாவின் பகுதியாகக் காணக் கற்றுக்கொள்வதுதான் பொருத்துபவரின் முதல் பாடமாக அமைந்தது.

ஜீப் இந்தப் பாடத்தைப் போர்க்களத்திலேயே கற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகளில் ஏற்றப்பட்ட எஸ்.சி.ஆர்.-510 கருவி 20 முதல் 27.9 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும், எஸ்.சி.ஆர்.-610 கருவி 27 முதல் 38.9 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும் இயங்கின. பிற்காலச் சி.பி. பட்டையும் ஏறக்குறைய இதே நிலப்பகுதியைச் சேர்ந்ததே. எஞ்சினின் தீப்பொறி வானொலியில் இரைச்சலாகக் கேட்பதைத் தடுக்க, பானெட்டையும் பாடியையும் சேஸிஸையும் பின்னல் செப்புப் பட்டைகளால் இணைத்தார்கள். அவ்வாறு இரைச்சல் அடக்கப்பட்ட வண்டிகளின் பதிவெண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து எழுதப்பட்டது. இன்று ஜீப்பில் சி.பி. பொருத்துபவர் அதே பட்டைகளை அதே இடங்களில்தான் இணைக்கிறார். இராணுவக் கையேட்டிலிருந்து குடிமக்கள் கைக்கு வந்த அறிவு இது என்பது, பொருத்துபவர்கள் பலருக்கே தெரியாத செய்தி.

போருக்குப்பின் ஜீப் பொழுதுபோக்கு வண்டியாயிற்று. கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஜீப்பர்ஸ் ஜாம்போரி 1953இல் தொடங்கியது. 27 மெகா ஹெர்ட்ஸ் சி.பி. வருவதற்கு ஐந்தாண்டு முன்பே வரிசையாகச் செல்லும் ஜீப் கூட்டம் உருவாகிவிட்டது. லாரி ஓட்டுநருக்கு வேண்டியது தொலைவு: அடுத்த மலைக்கப்பால் காவலர் நிற்கிறாரா என்ற செய்தி. ஜீப் கூட்டத்துக்கு வேண்டியதோ உறுதி: புழுதியில் மறைந்த முன்வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, பாறையின் மேல் இடச்சக்கரம் ஏறிவிட்டதா, கடைசி வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பன. ஒரு மைல் தொலைவானாலும் வளைவு, பள்ளம், மரக்கூட்டம் ஆகியவற்றைக் கடந்து குரல் தெளிவாகச் சேர வேண்டும். லாரிகளின் சந்திப்பிடம் 19ஆம் அலைவரிசை என்றால், நான்குசக்கர இயக்க வண்டிக் குழுக்களின் வழக்கமான இடம் 4ஆம் அலைவரிசையாயிற்று.

கிளைகள் தாழ்ந்த பாதையில் 2.7 மீட்டர்க் கம்பி ஓயாமல் அடிபடும். எனவே கம்பியைக் குறுக்க வேண்டியதாயிற்று. குறுகிய கம்பி மின்தேக்கியைப்போல நடந்துகொள்ளும்; அதை ஈடுசெய்யக் கம்பிச்சுருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுருளை அடியில் வைத்தால் பொருத்துவது எளிது. ஆனால் மின்னோட்டம் மிகுந்த அடிப்பகுதி சுருளுக்குள்ளேயே அடங்கிவிட, வெளியே பரவும் ஆற்றல் குறைகிறது. ஃபைபர் கிளாஸ் கோலின் மேல் கம்பியைச் சுற்றிக்கொண்டே போய், நுனியில் மட்டும் நெருக்கமாகச் சுற்றினால் இந்தக் குறை தணிகிறது. கோல் வளைந்தும் கொடுக்கும். அரிசோனாவின் ஃபயர்ஸ்டிக் போன்ற நிறுவனங்களின் மூன்றடி, நான்கடிக் கோல்கள் ஜீப்புகளில் நிலைபெற்றதற்குக் காரணம் இதுவே. எனினும் குறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு: ஆண்டெனா எவ்வளவு குறுகுகிறதோ, அது சரியாக இயங்கும் அதிர்வெண் வீச்சும் அவ்வளவு ஒடுங்கும். 1977 ஜனவரி 1 அன்று அலைவரிசைகள் 23இலிருந்து 40ஆகப் பெருகியபோது, பட்டையின் அகலம் 290 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 440 கிலோ ஹெர்ட்ஸாயிற்று. பழைய பட்டையின் நடுவுக்குச் சரிசெய்த குட்டைக் கோல், புதிய பட்டையின் மேல்முனையில் தடுமாறியிருக்கும். ஆணையத்தின் ஒரு முடிவு ஒவ்வொரு வண்டியின் நுனித் திருகையும் மறுபடி திருப்பவைத்தது எனலாம்.

இடத் தேர்விலும் ஜீப் தனிவகை. ஆண்டெனாவுக்குச் சிறந்த இடம் எஃகுக் கூரையின் நடு; ஜீப்பிலோ கூரை துணியாகவோ ஃபைபர் கிளாஸாகவோ இருக்கும். ஆகவே கோல் பின்மூலைக்கோ, ஸ்டெப்னி தாங்கிக்கோ, பானெட்டின் ஓரத்துக்கோ சென்றது. பின்இடது மூலையில் நிற்கும் கோல், உலோகம் மிகுதியாக விரிந்துள்ள முன்வலது திசையில் கூடுதலாகப் பரப்பும். வரிசையின் தலைவண்டியோடு பேச வேண்டிய கடைசி வண்டிக்கு இது வசதி, தலைவண்டிக்கு வசதிக்குறைவு. ஸ்டெப்னி தாங்கி கீலில் தொங்குவது. கீலின் கிரீஸும் பெயின்டும் மின்னிணைப்பைத் துண்டித்துவிடுவதால், போல்ட்டின் கீழ் பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தைக் காட்ட வேண்டும். கீலைக் கடந்து ஒரு செப்புப் பட்டையும் இட வேண்டும். கம்பியைத் தாங்கியிலிருந்து பிரிக்கும் நைலான் வாஷர் இடம் மாறினால் மொத்தமும் குறுக்குச்சுற்றாகிவிடும். புதிதாகப் பொருத்துபவர்களின் தோல்விகளில் பெரும்பங்கு அந்தச் சில்லறைப் பொருளைச் சார்ந்தது.

பொருத்தியபின் சுருதி சேர்த்தல். கருவிக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே நிலையலை விகிதமானி ஒன்றை இணைப்பார்கள். அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும்: விகிதம் 1.5 என்றால் நூற்றுக்கு நான்கு. 2 என்றால் பதினொன்று. 3 என்றால் இருபத்தைந்து. கட்டடங்களுக்கு அப்பால் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, கதவுகளை மூடி, ஆட்களை விலக்கி, 1ஆம், 40ஆம் அலைவரிசைகளில் அளக்க வேண்டும். 1இல் விகிதம் கூடுதலென்றால் கம்பி குட்டை, நீட்ட வேண்டும். 40இல் கூடுதலென்றால் கம்பி நெட்டை, குறைக்க வேண்டும். இரண்டிலும் 3ஐத் தாண்டினால் கம்பியைத் தொடவே கூடாது, கோளாறு தரையிணைப்பில் இருக்கிறது. மின்காந்தவியலின் சமன்பாடு ஒன்றையும் படிக்காத ஒருவர், இரண்டு அளவீடுகளை ஒப்பிட்டு ஒத்ததிர்வின் திசையைக் கண்டறியும் முறை இது. இதை வெறும் கைப்பழக்கமாக எண்ணிக் கடந்துபோவது தொழில்நுட்ப வரலாற்றெழுத்தின் பழைய மேட்டிமை.

அதேவேளையில் இந்த அறிவை மிகைப்படுத்துவதும் தவறு. மானியின் முள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. நல்ல தரைத்தளத்தின் மேல் நிற்கும் முழுநீளக் கால் அலைக் கம்பியின் மின்தடுப்பு சுமார் 36 ஓம். 50 ஓம் கேபிளில் அது 1.4 என்ற விகிதத்தைக் காட்டும். ஆற்றலில் பாதியைச் சுருளிலேயே வெப்பமாக்கும் மட்டமான குட்டைக் கோலோ 1.1 காட்டக்கூடும். முள்ளை மட்டும் நம்பியவர் மோசமான கோலையே சிறந்ததென்று கொண்டாடியிருப்பார். கேபிள் கட்டாயம் 18 அடி இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. 18 அடி என்பது வெற்றுவெளியில் அரை அலையின் நீளம். சாதாரணக் கேபிளுக்குள் அலையின் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால், அங்கே அதே நீளம் முக்கால் அலையாகிறது. ஆண்டெனா சரியாகப் பொருந்தியிருந்தால் நீளம் பொருட்டன்று. நீளத்தை மாற்றும்போது விகிதம் பெரிதும் மாறினால், கேபிளின் வெளியுறையே ஆண்டெனாவாகிவிட்டது என்று பொருள். லாரிக் கண்ணாடிகளில் நின்ற இரட்டைக் கம்பிகளைப் பார்த்து ஜீப்பின் இருபுறமும் இரண்டு கோல்களை நட்டதும் உண்டு. இரட்டைக்கம்பி பயன் தர இடையில் கால் அலைத் தொலைவு வேண்டும். ஜீப்பின் அகலமோ ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல். அழகுக்கு அது போதும்.

சட்டம் கம்பியைத் தீண்டாமல் விட்டது அமெரிக்கச் சாலைகளில்தான். 1981 நவம்பரில் பிரிட்டன் சி.பி.யைச் சட்டபூர்வமாக்கியபோது, ஆண்டெனாவை ஒற்றைக் கம்பியாகவும் 1.5 மீட்டருக்கு மிகாமலும் அடிச்சுருளுடனும் அமைக்க வேண்டுமென்று விதித்தது. பொருத்துவதற்கு எளிதான, பரப்புவதில் பின்தங்கிய அமைப்பைத்தான் சட்டம் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கா 1983இல் தனியாள் உரிமத்தையே கைவிட்டது. இந்தியாவில் இதே பட்டையின் ஒரு பகுதி ஐந்து வாட் வரம்புடன் உரிம விலக்குப் பெற்றது 2005இல்தான். அதற்குள் கைப்பேசி வந்துவிட்டிருந்தது. இங்கே கம்பிக்குச் சுருதி சேர்க்கும் மக்கள் பழக்கம் உருவாக வாய்ப்பே ஏற்படவில்லை.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்க ஜீப் குழுக்கள் பல ஜி.எம்.ஆர்.எஸ். என்ற சேவைக்கு மாறிவருகின்றன. அது 462 மெகா ஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவது. 1948இல் விலையால் தோற்ற அந்த முதல் குடிமக்கள் பட்டையின் நேர் வாரிசு. அங்கே கால் அலையின் நீளம் 16 சென்டிமீட்டர். காந்த அடியோடு பானெட்டின் மேல் வைத்தால் போதும். பெயின்டைச் சுரண்ட வேண்டியதில்லை, நுனித் திருகும் இல்லை.