யாரைக் கேட்டுக் குத்தினர்?

ஊசி சிறிது, அச்சம் பெரிது. ஆயிரவர் கூடிய அவையிலே அஞ்சாது முழங்கும் தோழரும், மருத்துவமனையில் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. மறைப்பானேன்?

சில திங்களாக நம் உள்ளத்திலே ஒரு விருப்பம். முன்கையில் ‘ஏன்?’ என்று இரண்டே இரண்டு எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு வினாக்குறி, அவ்வளவே பச்சை குத்திக்கொள்ளவேண்டும் என்று. நாம் ஒரு பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுத உயரும் கை மாணவர் அனைவர் கண்ணிலும் படும். அவர்கள் வாயிலிருந்து நாம் கேட்க விரும்பும் சொல்லும் அதுதான். விருப்பம் இருந்தது, துணிவு பிறக்கவில்லை. வலி என்ற ஒன்று வழிமறித்து நின்றது.

செய்தி வெளியே தெரிந்ததும் கட்சி இரண்டாயிற்று. “இதற்குப்போய் அஞ்சுகிறாயே, நீயா பகுத்தறிவு பேசுகிறாய்?” என்று நகைத்தனர் தோழியர். “திருமணம் முடியட்டும்; அவர் சரி என்றால் குத்திக்கொள்” என்றார் அன்னையார். அவர் என்றால் எவர்? பெயர் தெரியாது, ஊர் தெரியாது, இன்னும் இந்த வீட்டு வாயிலை மிதிக்காதவர்! வராத மணமகனுக்கு வந்துவிட்டது நம் தோலின்மீது உரிமை! குத்திக்கொள் என்றது ஒரு கட்சி. குத்தாதே என்றது மறு கட்சி. உன் விருப்பம் யாது என்று கேட்ட கட்சி ஒன்றும் இல்லை.

வலியைப்பற்றி அறிய, வலித்தவரைத்தானே கேட்கவேண்டும்? அப்பாயியிடம் சென்றோம். எண்பதைக் கடந்தவர். இரு கைகளிலும் முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரையில் பச்சைக் கோலம். புள்ளிகள் மங்கி, கோடுகள் கரைந்து, தோலின் சுருக்கங்களிலே ஒளிந்து கிடக்கிறது. “வலித்ததா, அப்பாயி?” என்றோம்.

“வலிக்காம இருக்குமா கண்ணு? பத்து வயசு எனக்கு. குறத்தி வந்தா. வெளக்குக் கரியும் மஞ்சளும் அகத்திக்கீரைச் சாறும் குழைச்சு வச்சுக்கிட்டா. ரெண்டு பேரு காலைப் பிடிச்சாங்க, ஒருத்தி தோளைப் பிடிச்சா. அவ பாடிக்கிட்டே குத்துனா. வலி மூணு நாளு இருந்துச்சு, போயிருச்சு. அது போவட்டும். என்னை யாரு கேட்டா?”

அந்தக் கடைசிச் சொற்கள் நம்மை உறங்கவிடவில்லை. வலிக்குமா என்று கேட்கப் போனோம். யாரைக் கேட்டுக் குத்தினர் என்ற வினாவோடு திரும்பினோம். அந்த வினாவைக் கையிலெடுத்துக்கொண்டு வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால், ஊசியின் கதையே வேறொரு கதையாகத் தெரிகிறது!

பச்சை குத்துதல் நேற்றுப் பிறந்த நாகரிகமன்று. 1991இல் ஆஸ்திரியா, இத்தாலி நாடுகளின் எல்லையிலே, ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் அவன். ‘ஓட்சி’ என்று பெயரிட்டனர் அறிஞர். அவன் உடலில் 61 பச்சைக் குறிகள்! மார்பிலே புலியில்லை, தோளிலே பூவில்லை. சிறு சிறு கோடுகள். அவற்றுள் பல இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும். தேய்ந்த மூட்டுகளின் அருகே அவை இருப்பதால், நோய் தீர்க்கக் குத்தியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியானால், வலியைப் போக்க வலியை ஏற்றான் அவன் என்றாகிறது.

ஆனால் அரசும் ஆண்டையும் தோன்றிய பின், ஊசி வேறு கைக்கு மாறியது. கிரேக்கரும் உரோமரும் அடிமையின் மேனியிலும் குற்றவாளியின் மேனியிலும் குறி பொறித்தனர். இழிவுக்குறி என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகள் இன்றும் வழங்கும் ‘ஸ்டிக்மா’ என்னும் சொல், கிரேக்கர் அந்தக் குறிக்கு இட்ட பெயரே! கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்கத்துக்கு அனுப்பப்படும் குற்றவாளியின் முகத்தில் குறி பொறிக்கலாகாது என்று ஆணையிட்டான் உரோமப் பேரரசன் கான்சுடன்டைன். கருணையோ கருணை! கையிலும் கெண்டைக்காலிலும் பொறித்துக்கொள்ளலாம் என்று அதே ஆணையில் இடமும் விட்டான்.

நம் நாட்டிலும் அந்தக் கருணை நடந்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சியில், 1797இல் வங்காளத்தில் இயற்றிய விதியின்படி, ஆயுள் தண்டனை பெற்றோர் நெற்றியிலே அவர்தம் பெயரும் குற்றமும் பச்சையாகக் குத்தப்பட்டன. ‘கோத்னா’ என்பது அதன் பெயர். ஊரிலே பெண்டிர் அழகுக்குக் குத்திக்கொண்ட பச்சைக்கும் வடநாட்டில் அதுவே பெயர்! அழகின் பெயரைத் திருடித் தண்டனைக்குச் சூட்டினர். 1849இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது.

ஒழிந்ததா? 1993இல் பஞ்சாபிலே, திருடினர் என்று ஐயுற்றுப் பிடித்த நான்கு பெண்களின் நெற்றியிலே, ‘பைத்திருடி’ என்று பொருள்படும் சொல்லைக் குத்தினர் காவல்துறையினர். தீர்ப்புக்கு முன்பே தண்டனை. அதுவும் கண்ணாடி பார்க்கும்தொறும் புதுப்பிக்கப்படும் தண்டனை! குத்தியவர் தண்டிக்கப்பட 2016 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

அப்பாயியின் கைக்குக் கோலமிட்ட குறத்தியின் கதை இன்னும் கொடுமை. ஊருக்கெல்லாம் பச்சை குத்திய அந்த மக்களின்மீதே அரசு ஒரு பச்சையைக் குத்தியது. 1871இல் வடநாட்டில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் முதலான பல மக்கள் பிறவிக் குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டனர். கைரேகை பதித்து, கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். மையில்லை, ஊசியில்லை, ஆயினும் நெற்றியில் எழுதியது எழுதியதுதான். நாட்டு விடுதலைக்குப் பின்னரே அச்சட்டம் நீங்கியது.

கொடுமையின் உச்சியை ஆஷ்விட்ஸில் காண்கிறோம். நாசிகளின் வதைமுகாம்களுள் கைதிகளின் உடலில் எண்ணைப் பச்சை குத்திய முகாம் அது ஒன்றே. 1941இல் சோவியத்துப் போர்க்கைதிகளின் மார்பிலே தொடங்கினர். பின்னர் இடது முன்கைக்கு மாற்றினர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு அங்கே எண் வழங்கப்பட்டது. தொடர்வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்கு விரட்டப்பட்டவர்க்கு எண்ணும் இல்லை. அவர்களை எண்ணவும் மறுத்தனர்! எந்த முன்கையில் ‘ஏன்?’ என்று எழுத விரும்புகிறோமோ, அந்த முன்கையில்தான் அவர்களின் பெயரை அழித்து எண்ணைப் பொறித்தான் பகைவன் என்று எண்ணியபோது, நம் கையையே நாம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரசன் செய்தால்தான் வன்முறையா? அன்போடு செய்வதும் உண்டு. 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் தாகித்தித் தீவுக்குச் சென்ற சோசப் பேங்க்சு என்ற அறிஞர், ஏறத்தாழ 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பச்சை குத்தக் கண்டு நாட்குறிப்பிலே எழுதினார். வலி பொறாது அவள் அழுதாள், விட்டுவிடுமாறு கெஞ்சினாள். இரு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டனர். ஒருகால் கொஞ்சினர், ஒருகால் கடிந்தனர், ஒருகால் அடித்தனர். தாகித்தி எங்கே, காவிரிக்கரை எங்கே? ஆயினும் அந்தச் சிறுமியும் நம் அப்பாயியும் ஒரே பாயில் கிடந்தவர் அல்லரோ! ஆங்கிலேயர் ‘டாட்டூ’ என்ற சொல்லைப் பெற்றதும் அந்தக் கடற்பயணத்தின் வாயிலாகவே.

சமோவாத் தீவில் ஆடவர்க்கு இடுப்பு முதல் முழங்கால் வரையில் பச்சை. எலும்புச் சீப்பை மையில் தோய்த்து, சிறு கோலால் தட்டித் தட்டிப் பல நாள் குத்துவர். வலி தாங்காது பாதியில் எழுந்தவனுக்கு வாழ்நாளெல்லாம் இழிவு. இங்கே கட்டிப்போடக் கயிறு வேண்டாம். ‘கோழை’ என்ற சொல்லே கயிறு. நம் தோழியர் வீசியதும் அதே கயிறுதான். நீளம் சற்றுக் குறைவு!

அப்படியாயின் ஊசி என்றுமே அடக்குமுறையின் கருவிதானா? அல்ல. சத்தீசுகரிலே இராமநாமியர் என்றொரு மக்கள் உண்டு. தீண்டாதார் என்று கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் செய்ததென்ன? எந்தப் பெயரைச் சொல்லும் உரிமை உமக்கில்லை என்றார்களோ, அந்தப் பெயரையே நெற்றியிலும் மார்பிலும் கையிலும், சிலர் உடல் முழுவதும், பச்சையாகக் குத்திக்கொண்டனர். கதவைச் சாத்தலாம், தோலைச் சாத்த முடியுமா? அவர்தம் பக்தி நமக்கு உடன்பாடன்று. ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னே தன் மேனியையே விடையாக நிறுத்திய அந்த மானத்தைப் பகுத்தறிவாளர் போற்றாமல் வேறு யார் போற்றுவர்? வலி அவர்களுக்கும் வலிதான். ஆயினும் அது அவர்களே ஏற்ற வலி.

ஆக, தோழர்களே, ஊசி ஒன்று, மை ஒன்று, வலியும் ஏறத்தாழ ஒன்று. அடிமைக்குறியையும் மானக்குறியையும் பிரிப்பது ஒரே ஒரு கேள்வி: அந்த மேனிக்கு உரியவரைக் கேட்டார்களா?

இனி அச்சத்தின் வழக்கை எடுத்துக்கொள்வோம். அச்சத்தை ஏளனம் செய்வது பகுத்தறிவன்று. அதை ஆராய்வதே பகுத்தறிவு. தோலின் மேலடுக்கு நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அங்கே மையிட்டால் நில்லாது. ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடியடுக்கிலே இடுகின்றனர். உடலின் காவலணுக்கள் அந்த மையைப் பகையென்று விழுங்கி அங்கேயே நிற்கின்றன. அவை மடியும்போது புதியவை வந்து அதே மையை விழுங்குகின்றன என்று, எலிகளிடம் செய்த ஆய்வினால் 2018இல் பிரெஞ்சு அறிவியலார் காட்டினர். அந்த அடுக்கிலே நரம்பு முனைகள் உண்டு. ஆகவே வலி உண்மை. விலா எலும்பின் மேலும் கணுக்காலிலும் மிகுதி. சதைப்பற்றுள்ள கையிலே குறைவு. கைக்குத்தாய்க் குத்திய காலம் போய், 1891இல் நியூயார்க்கில் ஓரைலி என்பவர் உரிமம் பெற்ற மின்பொறியின் வழிவந்த கருவிகள் இன்று விரைந்து முடிக்கின்றன. இரண்டு எழுத்துக்கு அரைமணி நேரம்கூட வேண்டாம்.

அஞ்சவேண்டியது வலிக்கன்று, அழுக்குக்கு. ஒருவர்க்கிட்ட ஊசியை மற்றவர்க்கிட்டால் கல்லீரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும். திருவிழாக் கடையிலே மலிவென்று கை நீட்டுவது துணிவன்று, அறியாமை. உறை பிரிக்காத புதிய ஊசியை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்வதே துணிவு. பின்னர் வேண்டாமென்று அழிக்க நினைத்தால், லேசர் ஒளியின் முன் பலமுறை அமரவேண்டும். குத்திய வலியும் செலவும் அதற்குமுன் அற்பம். ஆகவே இன்றைய காதலர் பெயரையும் நேற்றைய தலைவர் முகத்தையும் குத்துமுன் பத்துமுறை எண்ணுவது நன்று.

நாம் எண்ணினோம். ‘ஏன்?’ என்ற சொல் அறுபது வயதிலும் நமக்குக் கசக்காது. வினாவாவது மாறாதிருக்கும், விடைகள் மாறட்டும்.

இன்னுமொன்று நினைவுக்கு வந்தது. நாம் ஆண்டுதோறும் குருதிக்கொடை தருகிறவர். அந்த ஊசி பச்சை குத்தும் ஊசியினும் தடித்தது. ஒவ்வொரு முறையும் அஞ்சுகிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், ஆனால் கையை இழுத்துக்கொண்டதில்லை. அப்படியானால் அச்சம் நம்மோடு குடியிருந்த ஒன்றே அன்றி, நம்மை ஆண்ட ஒன்றன்று! பச்சை குத்திய பின் பல மாதம் குருதி கொடுக்க இயலாது என்பதால் வரிசையை மட்டும் வகுத்துக்கொண்டோம். அடுத்த முகாமிலே குருதி. அதன் பின்னர்ப் பச்சை. தோழியரின் நகைப்புக்காக அன்று. அன்னையாரின் தடைக்கு எதிராகவும் அன்று. ஊசியைக் கண்டதும் வேண்டாமென்று தோன்றினால், எழுந்து வந்துவிடவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாத பச்சை, எவ்வளவு அழகாயினும் கோத்னாவே.

முடிவை அப்பாயியிடம் சொன்னோம். “எழுத்தா குத்தப் போற? என்ன எழுத்து?” என்றார். படித்துக் காட்டினோம். எழுத்தறியாத அவர், அந்த இரண்டு எழுத்தையும் தம் கைக்கோலத்தின் மேலே விரலால் ஒருமுறை வரைந்து பார்த்தார். பின்பு, எழுபது ஆண்டுக்கு முன் அவரிடம் எவரும் கேளாத ஒன்றை நம்மிடம் கேட்டார்:

“நான் கூட வந்து கையைப் பிடிச்சுக்கட்டுமா கண்ணு?”