தனபத்தா

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவில் வரும் விண்மீன் திருவிழா. பிறப்பிடம் சீனம், அங்கே இதன் பெயர் சீஷி. ஜப்பானியருக்கு இது தனபத்தா. இரு நாட்டாரும் எழுதுவது ‘ஏழு’, ‘அந்தி’ எனப் பொருள்படும் அதே இரண்டு எழுத்துகளைத்தான். ஆனால் ஜப்பானியர் அவற்றைத் தறியைக் குறிக்கும் தங்கள் பழஞ்சொல்லால் வாசிக்கிறார்கள். கொரியாவிலும் வியட்நாமிலும் இந்த நாள் உண்டு.

விழாவின் கதை வானத்திலேயே இருக்கிறது. வானரசன் வீட்டு நெசவுக்காரி மாடு மேய்ப்பவனை மணந்தாள். மணந்த மயக்கத்தில் தறி ஓய்ந்தது, மாடுகள் திசைக்கொன்றாக அலைந்தன. சினந்த வானரசன் இருவரையும் ஆற்றின் இரு கரைகளில் பிரித்து வைத்து, ஆண்டுக்கு ஓரிரவு சந்திக்க விட்டான். இது ஜப்பானில் பரவலாகச் சொல்லப்படும் வடிவம். சீன வடிவம் ஒன்றில் வானத்து அரசி கொண்டை ஊசியால் கீறிய கோடே ஆறாகிவிடுகிறது. அந்த ஆறு பால்வீதி, நாம் ஆகாய கங்கை என்பது. நெசவுக்காரி வேகா (நம் அபிசித்து). மேய்ப்பவன் ஆல்டேர், அதாவது திருவோணம். திருவோணத்துக்கு நம் மரபில் மூன்று விண்மீன்கள். நடுவிலுள்ளது தகப்பன், இருபுறமும் இருப்பவை அவன் காவடிக் கூடையில் சுமந்து வரும் பிள்ளைகள் என்பது சீனர் கணக்கு.

ஆற்றைக் கடப்பது யார்? சீனக் கதையில் மேக்பை பறவைகள் கூடிப் பாலமாகின்றன. நெசவுக்காரி அதன்மேல் நடந்து வருகிறாள். அப்பருவத்தில் அப்பறவைகளின் தலை இறகுகள் உதிர்வதற்கு மிதிபட்டதே காரணம் என்பார்கள். ஜப்பானின் 8ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷூவில் தனபத்தா பாடல்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் ஆண்தான் படகேறி வருகிறான். கணவன் மனைவியின் வீட்டுக்குப் போய்வருவது அன்றைய ஜப்பானிய வழக்கம். கதை ஊருக்கேற்ப வளைந்துகொண்டது.

இன்று சீன நகரங்களில் இது காதலர் நாளாகி, பூக்கடைகளுக்கு வரும்படி தரும் நாளாகவும் ஆகிவிட்டது. பழைய சீஷியில் காதலைவிடக் கைத்திறனுக்கே முதலிடம். பெண்கள் நெசவுக்காரியிடம் தையல் திறன் வேண்டினார்கள். ஏழு துளையுள்ள ஊசியில் நூல் கோக்கும் வழக்கத்தை 6ஆம் நூற்றாண்டில் சோங் லின் எழுதிவைத்திருக்கிறார். படைத்த பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தால் வேண்டுதல் பலித்தது. சீன அரசு 2006இல் இவ்விழாவைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பானில் இது முதலில் அரண்மனைச் சடங்கு. எடோ காலத்தில் ஷோகுன் அரசின் ஐந்து பருவ விழாக்களில் ஒன்றாகி மக்களிடம் வந்தது. அப்போது வேண்டுதலும் மாறியது. சேம்பிலையில் திரண்ட பனிநீரில் மை உரைத்து, கையெழுத்து அழகாக வர வேண்டுமென்று எழுதினார்கள். பிறகு எந்த ஆசையையும் எழுதலாம் என்றானது. தன்சாக்கு எனும் அந்த வண்ணத் தாள்கள் மூங்கில் கிளைகளில் இன்றும் தொங்குகின்றன. கடைத்தெரு முழுக்க நீளக் காகிதத் தொங்கல்கள் அசையும் சென்டாய் நகர விழாவே பேர் பெற்றது.

நாட்காட்டி மாற்றம்தான் இவ்விழாவுக்கு நேர்ந்த பெரிய இடைஞ்சல். ஜப்பான் 1873இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது தனபத்தா பல ஊர்களில் ஜூலை 7இல் நின்றுவிட்டது. அது மழைக்காலம், விண்மீன் தெரிவது அதிர்ஷ்டம். அன்று பெய்யும் மழையைக் காதலரின் கண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். சென்டாய் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது. பழைய கணக்கிலோ விழா வருவது வளர்பிறை ஏழாம் நாள். அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறைய, இருளில் ஆறு துலங்கும். ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகம் 2001 முதல் இந்தப் பழைய நாளை ‘மரபுத் தனபத்தா’ என்று ஆண்டுதோறும் அறிவித்துவருகிறது. 2025இல் அது ஆகஸ்ட் 29. சீனத்தின் சீஷியும் அன்றுதான்.